கணுக்காலில் இறங்கிய ஆக்காட்டி

மேலச்சுனையில் ஆக்காட்டிக் குருவி திரையிலிருந்து இறங்கியது ஆடி மாதத்து மத்தியானம் ஒன்றில். மலைச்சாரல் பள்ளிக்கூடத்து ஜன்னல் கம்பிகளை நனைத்துக்கொண்டிருந்தது, சத்துணவுக்கூடத்துச் சாம்பார் வாசம் இன்னும் அடங்கவில்லை, ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் தரையில் சம்மணமிட்டுச் சுவரில் ஓடிய கார்ட்டூன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. படம் முடிந்தது. அதில் வந்த குருவி சுவரைவிட்டு இறங்கியது. நீலக் கோடுகளால் ஆன தன் நெட்டைக் கால்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, பிள்ளைகளின் வரிசைகளுக்கு நடுவே நடந்துபோய், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இலக்கியாவின் வலது கணுக்காலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. யாரும் கத்தவில்லை. பக்கத்தில் இருந்தவள் குருவிக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்தாள். அறிவியல் ஆசிரியர் ப்ரொஜெக்டரை அணைத்துப் பார்த்தார், மறுபடி போட்டுப் பார்த்தார், குருவி கணுக்காலிலேயே இருந்தது. சரி, வரிசையாக வகுப்புக்குப் போங்கள் என்றார். எல்லாரும் போனார்கள். இலக்கியா கடைசியாகப் போனாள். அவள் வழக்கமாகவே கடைசியாகத்தான் போவாள்.

அவளுடைய அப்பா மாயன் ஜீப் ஓட்டுகிறவர். விடிந்ததும் மேலச்சுனைப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் ஏலத்தோட்டங்களில் விட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்ப ஏற்றிவருவார். போன வருஷத்து முழுப்பரீட்சை லீவில் அந்த ஜீப்பின் பின்படியிலிருந்து இலக்கியா வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு விரிசல்விட்டது. மாவுக்கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள், எலும்பு சுத்தமாகக் கூடிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. செருப்பு வார் உரசினால் வலித்தது, போர்வை பட்டால் வலித்தது, சில நாள் ஃபேன் காற்றுக்கே வலித்தது. எக்ஸ்ரே மறுபடி எடுத்தார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள். பார்த்த டாக்டர்கள் எல்லாரும் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒன்றுமே இல்லையேம்மா என்று சந்தோஷமாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தச் சந்தோஷம் இலக்கியாவின் அம்மா ஜெயக்கொடியிடம் வந்து சேரும்போது கோபமாக மாறிவிட்டிருந்தது. ஜெயக்கொடி ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிறவள். காலையில் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்தால், பச்சை தனியாக, வெளுத்தது தனியாக, வெடித்தது தனியாக என்று விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும், சாயங்காலம்தான் தலை நிமிரும். பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருக்க வேஷம் கட்டுகிறாள் என்று அவள் நம்பினாள். "படத்துலயே ஒண்ணும் இல்லங்கிறாக. உனக்கு மட்டும் எங்கிருந்துடி வருது?" என்று அவள் ஒருநாள் கேட்டதற்குப் பிறகு இலக்கியா வலியைப் பற்றி வீட்டில் பேசுவதை நிறுத்தினாள்.

அவள் பேச்சைக் கேட்டுக்கொண்ட ஒரே இடம் அரசு ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து அறை. அங்கே கமருதீன் என்ற வலி மருத்துவர் வாரம் ஒருமுறை வந்து உட்காருவார். காயம் ஆறியபிறகும் ஆறாத வலி உண்டு, அது பொய்யில்லை, நரம்பு பயந்துபோய் மணியடித்துக்கொண்டே இருக்கிறது, அதை மெல்ல மெல்லத்தான் சமாதானப்படுத்த முடியும் என்று அவர் சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வார். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். ஒன்றும் புரியாது. படமாகக் காட்டினால் புரியுமே என்று அவருக்குத் தோன்றியபோது, கொச்சியில் கார்ட்டூன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த ஸ்டெல்லாவைத் தேடிப் போனார்.

ஸ்டெல்லா முதலில் வரைந்தது ஒரு பூதம். சிவப்பு நிறம், உடம்பெல்லாம் முள், கையில் சுத்தியல். கதையின் முடிவில் ஒரு பெண்பிள்ளை அதை அடித்து விரட்டுவாள். டாக்டர் அதை ஆஸ்பத்திரிக்கு வருகிற பிள்ளைகளுக்குக் காட்டச் சொன்னார். இலக்கியா முழுசாகப் பார்த்துவிட்டு, நல்லாருக்கு என்று சொல்லி எழுந்தாள். நல்லாருக்கு என்ற சொல்லை ஸ்டெல்லா கொச்சியில் நிறையக் கேட்டிருந்ததால், எது சரியில்லை என்று விடாமல் கேட்டாள்.

"அடிச்சா போகாதுக்கா," என்றாள் இலக்கியா. "அது நம்மள அடிக்க வரல. அதுவே பயந்துபோய்க் கெடக்கு. யாரோ வாராக வாராகன்னு கத்திக்கிட்டே இருக்கு."

ஸ்டெல்லா அன்று வீட்டுக்குப் போகும் வழியில் கண்மாய்க்கரைக் கட்டாந்தரையில் ஆக்காட்டிக் குருவி ஒன்று கத்தியது. தரையிலேயே முட்டையிட்டு, தூரத்தில் ஆள் தலை தெரிந்தாலே ஊரைக் கூட்டும் பறவை. ஸ்டெல்லா நின்றாள். அது கத்தியது. ஒரு அடி பின்னால் வைத்தாள். அப்போதும் கத்தியது. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து அது கத்தி முடிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பூதத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

புதுப் படத்தில் குருவி ஒரு பெண்பிள்ளையின் கணுக்காலுக்குப் பக்கத்தில் கூடு வைத்திருந்தது. ஒருநாள் கூட்டை ஒட்டி ஜீப் ஒன்று போய்விட்டது. அன்றிலிருந்து இலை விழுந்தாலும் கத்தியது, காற்றடித்தாலும் கத்தியது, ஒன்றுமே இல்லாதபோதும் கத்தியது. கல்லெறிந்தால் இன்னும் பலமாகக் கத்தியது. அந்தப் பெண்பிள்ளை தினமும் கொஞ்சம் பக்கத்தில் போவாள், அது கத்தும்போது நிற்பாள், மூச்சு விடுவாள், திரும்பி வந்துவிடுவாள், மறுநாள் மறுபடி போவாள். ஒருநாள் குருவி கத்தாமல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது. படம் அவ்வளவுதான்.

டாக்டர் அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்தில் போடக் கொடுத்தார், அதிலிருந்த குருவிதான் அங்கே இறங்கியது. இலக்கியாவோடு அது வீட்டுக்கும் நடந்துபோனது. வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஜெயக்கொடி மகளின் காலைப் பார்த்தாள், குருவியைப் பார்த்தாள், குடம் நிரம்பி வழிவதைப் பார்க்கவில்லை. பிறகு குழாயை மூடிவிட்டு, ரொம்ப நேரம் நிக்காத, உள்ள போய் உக்காரு என்று மட்டும் சொன்னாள்.

படம் ஊருக்குள் போனில் பரவியது. பார்த்தவர்களில் எவர் உடம்பில் வலி இருந்ததோ அவர் உடம்பில், வலித்த இடத்தில், போன் திரையிலிருந்து ஒரு குருவி இறங்கி உட்கார்ந்தது. சிலருக்குச் சிட்டுக்குருவி அளவில், சிலருக்குக் கோழி அளவில், எல்லாம் அதே நீலக் கோட்டில். மேலச்சுனை அதற்குப் பழக அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் முழங்காலில் குருவியோடு ஏறுகிறவர்களுக்குக் கேட்காமலே இடம் கிடைத்தது. சௌக்கியமா என்று கேட்ட வாய்கள் குருவி எப்படி இருக்கு என்று கேட்கத் தொடங்கின. தையல்காரர் ரவிக்கைத் தோளில் குருவி உட்காரத் தோதாகத் தையலைத் தளர்த்திக் கொடுத்தார். மாதாமாதம் சில நாள் மட்டும் அடிவயிற்றில் குருவியோடு வந்த பெண்பிள்ளைகளைப் பார்த்த பி.டி. ஆசிரியர், விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நிழலைக் காட்டினார். மார்க்கெட்டில் எப்போதும் சண்டை பிடிக்கிற வெற்றிலைக்காரியின் தாடையில் ஒரு பெரிய குருவி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபிறகு யாரும் அவளிடம் பேரம் பேசி நிற்கவில்லை, ஒருவர் அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

எல்லாம் நல்லதாகவே நடந்துவிடவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகைப் பார்த்தார்கள். கோயில் கொடைக்கு முளைப்பாரி தூக்கியவர்களில் கழுத்தில் குருவி இருந்தவர்களை இறக்கி வைக்கச் சொல்ல, அவர்கள் அழுதார்கள். சிலர் அடுத்தவர் குருவியை அளந்து, என்னுடையதுதான் பெரிசு என்றார்கள். எங்கும் அடிபடாதவர்கள் நெஞ்சிலும் குருவி உட்கார்ந்திருந்தது. அவர்களிடம் என்ன கேட்பது என்று ஊருக்குத் தெரியவில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்து வேறு எதையாவது பேசினார்கள்.

டாக்டர் கமருதீனுக்கு ஓய்வே இல்லை. குருவி வந்தது வியாதியில்லை, ஏற்கெனவே இருந்தது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சொல்லும்போது அவருடைய இடது கண்ணுக்கு மேலே, நெற்றியோரத்தில், சின்னக் குருவி ஒன்று கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது.

இலக்கியா படத்தில் வந்த பிள்ளை செய்ததையே செய்தாள். காலையில் பாயில் உட்கார்ந்து கணுக்காலை ஒரு பொட்டு அசைப்பாள். குருவி கத்தும். நிறுத்துவாள். மூச்சு விடுவாள். மறுநாள் இரண்டு பொட்டு. ஒரு பழைய துண்டால் பாதத்தை வருடிக்கொடுப்பாள், குருவி சிறகை உதறும், காத்திருப்பாள். ஜெயக்கொடி அடுப்படியிலிருந்து அதையெல்லாம் பார்ப்பாள். மகளுக்கு முக்காலி வாங்கி வந்து குளிக்கிற இடத்தில் போட்டாள், தண்ணீரைச் சுடவைத்துக் கொடுத்தாள், வார் உரசாத செருப்பு தேடிக் கடை கடையாக அலைந்தாள். அன்றைக்கு நம்பாமல் போனேனே என்ற ஒரு சொல்லை மட்டும் அவளால் எடுக்க முடியவில்லை.

அவள் அந்தப் படத்தைப் பார்க்கவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் போனை நீட்டினால், அடுப்பில் வேலையிருக்கு என்பாள். பஸ்ஸில் யாராவது போட்டால் சேலைத் தலைப்பை முகத்தில் இழுத்துக்கொண்டு தூங்குவாள். மாயன் பார்த்து, இடுப்பில் ஒரு குருவியோடு வந்து நின்று, நீயும் பாரேன் என்றதற்கு, எனக்கு ஒண்ணும் இல்ல, நான் எதுக்குப் பாக்கணும் என்றாள்.

ஸ்டோர் முதலாளி ரத்தினவேலும் படம் பார்க்கவில்லை. அவருடைய ஸ்டோரில் காய் பொறுக்கிய பெண்களுக்கு விரலிலும் மணிக்கட்டிலும் கழுத்திலும் குருவிகள் வந்து உட்கார்ந்தபோது, ஏலச்சீசன் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. குருவி உட்கார்ந்த கை வேகமாகப் பொறுக்காது என்று அவருக்குத் தோன்றியது. நேற்றுவரை அதே கைகள்தான் பொறுக்கின என்பது தோன்றவில்லை. கையில் குருவி இருக்கிறவர்கள் சரியானபிறகு வரலாம் என்று சொல்லி அனுப்பினார். குருவி இல்லாத சுத்தமான கை என்று ஜெயக்கொடியை எல்லாருக்கும் முன்னால் பாராட்டி, மேஸ்திரியாக நியமித்தார். வெளியே அனுப்பப்பட்டவர்களில் அவளுடைய மதினி பஞ்சவர்ணமும் இருந்தாள். பஞ்சவர்ணம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது ஜெயக்கொடியின் கைகளை ஒருமுறை பார்த்தாள்.

அந்த வாரம் முழுவதும் ஜெயக்கொடி மூன்று பேர் வேலையைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சோற்றை வடிக்கும்போது, பானை அவள் கையிலிருந்து நழுவிக் கஞ்சியும் சோறும் அடுப்படியெங்கும் சிதறியது. இலக்கியா நொண்டிக்கொண்டு ஓடிவந்தாள். அம்மா வலது மணிக்கட்டை இடதுகையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

என்னம்மா செய்யுது என்று கேட்டாள். ஒன்றுமில்லை, ஈரக்கை வழுக்கிவிட்டது என்றாள் அம்மா. இலக்கியா அம்மாவின் கையை எடுத்து, புரட்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை உற்றுப் பார்த்தாள். வெறும் கை.

"எனக்கு ஒண்ணும் தெரியலயேம்மா," என்றாள்.

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னாள். ஆனால் ஜெயக்கொடி அடித்தது போல மகளைப் பார்த்தாள். பிறகு சோற்றுப் பருக்கைகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்து, கையை மகளிடமிருந்து விடுவித்துக்கொள்ளாமல், மெல்லப் பேசத் தொடங்கினாள். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே இருக்கிறது என்றாள். முதலில் உன் அப்பத்தாவிடம் சொன்னேன், பொம்பளைக்கு வலிக்காமல் எது என்றார்கள். அப்புறம் உன் அப்பாவிடம் சொன்னேன், தைலம் வாங்கித் தந்தார். ஆஸ்பத்திரியில் சொன்னேன், சத்து மாத்திரை எழுதினார்கள். அப்புறம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்து இருந்து, எனக்கே அது பொய்யோ என்று ஆகிவிட்டது. நீ வந்து வலிக்குது என்றதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"நான் வாயத் தைச்சுக்கிட்டு இருக்கேன், இவ மட்டும் சொல்றாளேன்னு இருந்துச்சு ஆத்தா," என்றாள் ஜெயக்கொடி. "தப்பு உன்மேல இல்ல."

பிறகு, அந்தப் படத்தைப் போடு என்றாள்.

இலக்கியா போனை எடுத்து வந்தாள். சமையலறை ஜன்னல் வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்த இடத்தில் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து பார்த்தார்கள். படம் முடிந்ததும் திரையிலிருந்து ஒரு குருவி இறங்கி ஜெயக்கொடியின் வலது மணிக்கட்டில் உட்கார்ந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது. பிறகு இன்னொன்று. கழுத்தில், இரண்டு தோளிலும், விரல் கணுக்களில், இடுப்பில், இலக்கியாவுக்கு முன்னால் பிறந்து தங்காமல் போன பிள்ளை இருந்த அடிவயிற்றில் என்று அவை வந்துகொண்டே இருந்தன. போன் சூடாகும்வரை வந்தன. கடைசிக் குருவி இறங்கி இடம் தேடி உட்கார்ந்தபோது ஜெயக்கொடி ஒரு கண்மாய்க்கரை மரம்போல இருந்தாள். எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. பிறகு, நெடுநாள் கத்தித் தொண்டை காய்ந்தவை போல, ஒவ்வொன்றாக அடங்கின. இலக்கியா அம்மாவைக் கட்டிப்பிடிக்க இடம் தேடினாள். குருவி இல்லாத இடமாக இடது கன்னம் மட்டும் இருந்தது. அதில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஜெயக்கொடி அத்தனை குருவிகளோடும் தெருவில் இறங்கினாள். டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வழிவிட்டார்கள். அவள் ஸ்டோருக்குப் போகும் வழியில் பஞ்சவர்ணத்தின் வாசலில் நின்று, மதினி வாங்க வேலைக்குப் போவோம் என்று கூப்பிட்டாள். பஞ்சவர்ணம் அவளை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு தூக்குவாளியை எடுத்து வந்தாள். அடுத்த வாசலில் இன்னொருத்தி, அதற்கடுத்த தெருவில் இரண்டு பேர் என்று, ஸ்டோர் வாசலுக்கு வரும்போது அனுப்பப்பட்ட பெண்கள் எல்லாரும் கூட வந்திருந்தார்கள். உள்ளே போய் அவரவர் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை.

ரத்தினவேல் வந்து பார்த்தார். ஜெயக்கொடியைப் பார்த்து, நீயுமா என்று கேட்டார்.

"நேத்து வந்தது இல்ல மொதலாளி. இந்த ஸ்டோர்ல பொறுக்குன காயெல்லாம் இதுகளோடதான் பொறுக்குனேன்," என்றாள் ஜெயக்கொடி. "தரையில உக்காந்து இனிமே முடியாது. உசரமா மேசை போடுங்க. நடுவுல கொஞ்சம் எந்திரிச்சு நடக்க விடுங்க. காய் சுத்தமா வரும்."

வாசலில் பொறுக்காத மூட்டைகள் சாரலில் நனைந்துகொண்டிருந்தன, காயை விற்கிற அடுத்த ஏலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ரத்தினவேல் மூட்டைகளைப் பார்த்தார். பின்னிடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். குருவி இல்லாவிட்டாலும் அது உட்கார வேண்டிய இடம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. இரண்டு நாள் முறைப்பாகவே இருந்தார், ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் கத்தவும் செய்தார். மூன்றாம் நாள் தச்சர் வந்து மேசைக்கு அளவெடுத்தார். ஜெயக்கொடியின் மேஸ்திரி வேலை போய்விட்டது. அது போனதில் அவளுக்கு வருத்தம் இருந்தது, அதையும் அவள் மறைக்கவில்லை.

இதற்கு நடுவே, குருவிகளைப் போக்க ஒரு படம் போட்டுத் தரும்படி ஸ்டெல்லாவிடம் சிலர் கேட்டார்கள். தலைவலிக்காரர்கள் கெஞ்சினார்கள். அவள் மனமிரங்கி, விரிந்த வானம் ஒன்றை வரைந்து, ஓட்டிக் காட்டினாள். குருவிகள் அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்தன. டாக்டர், அவை போகிறபோது போகட்டும், போகாதவற்றோடு எப்படி நடப்பது என்று அடுத்த படம் செய்யலாம் என்றார். அந்தப் படத்தை எழுத இலக்கியாவும் கூட உட்கார்ந்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நனைந்து நனைந்து குருவிகளின் கோடுகள் வெளுத்தன. முதலில் கால்கள் தெரியாமல் போயின, பிறகு சிறகு, கடைசியாகக் கண். கார்த்திகை பிறந்தபோது மேலச்சுனையில் எவர் உடம்பிலும் எதுவும் தெரியவில்லை. வலி போனவர்களுக்கும் தெரியவில்லை, போகாதவர்களுக்கும் தெரியவில்லை. படத்தை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். அது வெறும் படமாக ஓடியது. பஸ்ஸில் ஆட்கள் ஒருவர் முழங்காலை ஒருவர் பார்த்தார்கள், பிறகு கொஞ்சம் தயங்கி, உக்கார்றீங்களா என்று வாயால் கேட்டார்கள். சிலர் கேட்கவில்லை. சிலருக்குப் பழைய சந்தேகம் திரும்ப வந்தது. ஒரு பையன் லீவு கேட்டபோது, இப்ப ஒண்ணும் காணோமே என்று ஆசிரியர் ஒருவர் சொன்னார், சொல்லிவிட்டு அவராகவே நாக்கைக் கடித்துக்கொண்டு லீவைக் கொடுத்தார்.

இலக்கியாவின் வலி பெரும்பாலும் குறைந்திருந்தது. போர்வை பட்டால் இப்போது வலிப்பதில்லை. ஆனாலும் சில நாள், காரணம் எதுவும் இல்லாமல், அது பழையபடி எழுந்து நிற்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவும் மகளும் சந்தைக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தார்கள். மழை விட்டிருந்தது, பை கனமாக இருந்தது, இருட்டுவதற்குள் வீடு போய்விட வேண்டும் என்று ஜெயக்கொடி எட்டிப்போட்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போனபிறகு பக்கத்தில் காலடிச் சத்தம் இல்லாததைக் கவனித்துத் திரும்பினாள். இலக்கியா பின்னால் நின்றிருந்தாள். ஜெயக்கொடி அவள் காலைப் பார்த்தாள். நேரான கால், தழும்பில்லாத தோல், சேறு பட்ட செருப்பு. வேறெதுவும் இல்லை.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா," என்றாள் இலக்கியா.

ஜெயக்கொடி திரும்பி நடந்துவந்து, சாலையோரத்து மைல்கல்லை முந்தானையால் துடைத்து மகளை அதில் உட்காரவைத்துவிட்டு, பையைக் கீழே வைத்து, தானும் பக்கத்து ஈரப்புல்லில் உட்கார்ந்துகொண்டாள்.